கீமோவுக்கு இணங்காத நிணநீர்ப் புற்றுநோய்: இப்போது என்ன வழி உண்டு?



சபைகளில் மருத்துவ ஊழியத்தைப் பற்றிப் பேச நாங்கள் வரும்போதெல்லாம் ஆராதனை முடிந்தபின் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை: “கீமோ கொடுத்தும் கட்டி கரையவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா?” ‘புற்றுநோய்க்கு அதிசய மருந்து’ என்று செய்தித்தாளில் வந்ததைக் கத்தரித்து அனுப்பி, இது மெய்தானா என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. நிணநீர்ப் புற்றுநோய், அதாவது லிம்ஃபோமா, என்ற ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தக் கேள்விக்கு எங்களால் இயன்றவரை தெளிவாக விடை கூற விரும்புகிறோம்.

எது இந்த நோய்?

நம் உடலில் கிருமிகளை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களில் பி அணுக்கள், டி அணுக்கள் என இரு பிரிவுகள் உண்டு. இவை கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களில் கூடியிருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதுதான் நிணநீர்க் கணு. அந்த வெள்ளணுக்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகினால் அது லிம்ஃபோமா. இதில் மெதுவாக வளர்கிற வகைகளும் உண்டு, வாரத்துக்கு வாரம் பெரிதாகிற தீவிர வகைகளும் உண்டு. தீவிர வகைகளில் அதிகமாகக் காணப்படுவது பெரிய பி அணு லிம்ஃபோமா. நாம் பேசப்போவது இதைப் பற்றியே.

வலியில்லாத நெறிக்கட்டி, மாலைக் காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, காரணமில்லாமல் உடல் மெலிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். காசநோய்க்கும் இவையே அறிகுறிகள் என்பதுதான் நம் நாட்டில் பெரிய இடர். கழுத்தில் கட்டி என்றவுடன் சதைப் பரிசோதனை செய்யாமலே காசநோய் மாத்திரை தொடங்கி, மாதங்கள் வீணாகிவிடுவது உண்டு. ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பது மட்டும் இந்த நோய்க்குப் போதாது. கணுவை முழுதாக எடுத்து, பயாப்ஸி செய்து, அணுக்களின் மேல் என்ன அடையாளம் இருக்கிறது என்று சாயமிட்டுப் பார்க்க வேண்டும். எந்த மருந்து என்பதை அந்த அடையாளமே தீர்மானிக்கிறது.

முதல் சிகிச்சை முழுமையாக முடிய வேண்டும்

1970-களிலிருந்து இந்நோய்க்கு வழங்கப்பட்டு வரும் ‘சாப்’ என்ற சிகிச்சை நான்கு மருந்துகள் சேர்ந்தது. அவற்றில் ஒன்றான வின்கிறிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி அதைத் தோட்டத்தில் சேர்க்காதவர்களும் உண்டு. ஆனால் நம் தென் மாவட்டங்களில் அதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். அந்த மருந்து 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

1997-ல் அனுமதி பெற்ற ரிடுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் இந்தச் சிகிச்சையை ஒரு படி உயர்த்தியது. பி அணுவின் மேலுள்ள ‘சிடி-20’ என்ற அடையாளத்தைக் கண்டு அது பற்றிக்கொள்கிறது. 60 முதல் 80 வயது வரையுள்ள 399 பேரிடம் செய்து 2002-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பழைய நான்கு மருந்துகளை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 57 பேரும், ரிடுக்சிமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்கு 70 பேரும் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் இதே மருந்தை இந்தியாவிலேயே தயாரித்து விலையைக் குறைத்தது.

இன்று இந்த ஐந்து மருந்துகளையும் 21 நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஆறு முறை கொடுக்கிறார்கள். இவற்றை ஒழுங்காகப் பெற்று முடிப்பவர்களில் ஏறத்தாழ 10-க்கு 6 பேர் முற்றிலும் குணமாகிறார்கள். உடலெங்கும் பரவிய பின்னும் இந்த அளவுக்குக் குணமாகும் புற்றுநோய்கள் மிகச் சில. ஆகவே ‘லிம்ஃபோமா’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த ஆறு சுற்றுகளை முடிப்பது ஒரு நெசவாளருக்கு எளிதல்ல. வின்கிறிஸ்டின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். அறுந்த பட்டிழையை விரலால் உணர்ந்து முடிச்சிட வேண்டியவருக்கு அது பிழைப்பையே பாதிக்கும் காரியம். குழித்தறியில் நாள் முழுதும் உட்காரவும் உடலில் பெலன் இராது. தறி நின்றால் கூலி நிற்கும். மூன்றாம் சுற்றில் கட்டி கரைந்து உடம்பு தேறியதும், “இனி போதும்” என்று தறிக்குத் திரும்பிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பாதியில் நின்ற சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வரும் நோய் முன்னைவிடக் கடினமாயிருக்கும்.

இணங்காதபோது இருந்த ஒரே வழி

மீதி 10-க்கு 4 பேரில் சிலருக்கு நோய் முதலிலிருந்தே மருந்துக்கு மசியாது. சிலருக்கு மறைந்து மீண்டும் தலைதூக்கும். இவர்களுக்கு நீண்ட காலமாக இருந்த வழி, வேறு கீமோ மருந்துகளைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, நோயாளியின் சொந்த இரத்த மூல அணுக்களை எடுத்துப் பத்திரப்படுத்தி, மிக உயர்ந்த அளவில் கீமோ கொடுத்து, பிறகு அந்த மூல அணுக்களைத் திருப்பிச் செலுத்துவது. இதைத்தான் எலும்பு மஜ்ஜை மாற்று என்கிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டி தலைமையில் 1986-லேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது.

1995-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு இதன் பயனை நிலைநாட்டியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நோயில்லாமல் இருந்தவர்கள், மஜ்ஜை மாற்று பெற்றோரில் 100-க்கு 46 பேர், கீமோ மட்டும் பெற்றோரில் 12 பேர். ஆயினும் இரண்டாவது கீமோவுக்குக் கட்டி சுருங்கியவர்கள் மட்டுமே அந்த ஒப்பீட்டில் சேர்க்கப்பட்டார்கள். சுருங்காதவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. எந்தக் கீமோவுக்கும் இணங்காத 636 பேரின் விவரங்களைத் திரட்டி 2017-ல் வெளியான ஆய்வில், அவர்களில் பாதிப்பேர் சுமார் ஆறு மாதங்களுக்கு மேல் உயிரோடிருக்கவில்லை என்று தெரிந்தது. “இனி ஒன்றுமில்லை” என்று மருத்துவர்கள் சொன்னது இந்த நிலையில்தான்.

நோயாளியின் சொந்த அணுவே மருந்தாகிறது

இந்த நிலையை மாற்றியிருப்பது ‘கார்-டி’ என்ற சிகிச்சை. பட்டு நெய்கிற ஊரில் இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியில் அட்டையை மாற்றினால், அதே தறி, அதே நெசவாளர், ஆனால் சேலையில் வேறு புட்டா விழுகிறது. கார்-டி சிகிச்சையிலும் தறி நோயாளியின் சொந்த டி அணுவே. அதற்குள் வைக்கும் கட்டளை மட்டும் புதியது.

முதலில் நோயாளியின் இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியாகச் செலுத்தி டி அணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸ் மூலம் அவற்றுக்குள் புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். அதனால் அந்த டி அணுவின் மேல், பி அணுவின் ‘சிடி-19’ என்ற அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் கொக்கி ஒன்று முளைக்கிறது. இவ்வாறு மாறிய அணுக்களைப் பரிசோதனைச் சாலையில் கோடிக்கணக்கில் பெருக்குகிறார்கள். நோயாளிக்கு மூன்று நாள் மிதமான கீமோ கொடுத்து இடம் ஏற்படுத்தியபின், இரத்தம் ஏற்றுவதைப் போல நரம்பு வழியே அவற்றைச் செலுத்துகிறார்கள். கீமோ மருந்து உடலைவிட்டுப் போய்விடும். இந்த அணுக்களோ உடலுக்குள் பெருகி, புற்று அணுக்களைத் தேடித் தேடி அழிக்கின்றன. கீமோவை எதிர்க்கப் பழகிவிட்ட புற்று அணுவுக்கு இது வேறு விதமான எதிரி.

2017 அக்டோபரில் பெரிய பி அணு லிம்ஃபோமாவுக்கான முதல் கார்-டி மருந்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதைப் பெற்ற, வேறு வழியில்லாத நோயாளிகளில் 100-க்கு சுமார் 43 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். முன்னே சொன்ன ஆறு மாதக் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஆனால் மருந்தின் விலை மட்டும் 3,73,000 டாலர். அன்றைய மதிப்பில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். நம் நாட்டு ஏழைக்கு அது இல்லாத மருந்துக்குச் சமம்.

நியூயார்க்கிலிருந்து இராணிப்பேட்டை வரை

காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, புற்றுநோய்க்காக 1968-ல் நியூயார்க் வரை சென்று அறுவை சிகிச்சை பெற வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். அவர் பெயரால் நம் பக்கத்துக் காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. ஒரு முதலமைச்சர் கடல் கடந்து தேடிய உயர் சிகிச்சையின் இன்றைய வடிவங்கள் நம் தேசத்துக்குள்ளேயே தயாராகின்றன என்பது நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்-19’ 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதைத் தொடங்கி வைத்தார். 2025-ல் வெளியான அதன் ஆய்வு முடிவுகளின்படி, 100-க்கு 73 பேருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. அறிமுகத்தின்போது இதன் விலை சுமார் 30 முதல் 40 லட்சம் ரூபாய் எனச் செய்திகள் வெளிவந்தன. பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம் 2025 ஜனவரியில் ‘கார்டெமி’ என்ற இரண்டாவது மருந்தை அறிமுகம் செய்தது.

இவற்றுக்கு இணையாக, மிஷன் மருத்துவமனை ஒன்றும் இந்தப் பணியில் இறங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, மருத்துவமனைக்குள்ளேயே தானியங்கி இயந்திரத்தில் கார்-டி அணுக்களைத் தயாரித்து ‘வெல்கார்ட்’ என்ற ஆய்வை நடத்தியது. அணுக்களை வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பிக் காத்திருக்கத் தேவையின்றி, சுமார் 9 நாளில் மருந்து தயாரானது. வாரத்துக்கு வாரம் வளரும் நோயில் மிச்சமாகும் ஒவ்வொரு நாளும் விலையேறப்பெற்றது. 2025-ல் வெளியான முடிவுகளின்படி சிகிச்சை பெற்றவர்கள் 10 பேர். இரத்தப் புற்றுநோய் கொண்ட 6 பேருக்கும் நோய் மறைந்தது. லிம்ஃபோமா கொண்ட 4 பேரில் 2 பேருக்கு முழுமையாக மறைந்தது. மொத்தத்தில் 10-க்கு 8 பேர் சுமார் 15 மாதங்களுக்குப் பின்னும் நோயின்றி இருந்தார்கள். பத்துப் பேர் என்பது சிறு எண்ணிக்கை, இது தொடக்கம் மட்டுமே. ஆனால் வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் இதைச் செய்ய முடியும் என்பது அந்த ஆய்வால் தெரியவந்தது.

அந்தக் கல்லூரியின் இரத்தநோய்ப் பிரிவு இன்று இராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் பிறந்த ஊர் அதுவே. 1900-ல் அவர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய ஊழியம் இன்று அவர் பிறந்த ஊரில் இந்த நிலையை எட்டியிருக்கிறது. செவிலிமேட்டிலிருந்து அது சுமார் 50 கிலோமீட்டர் தூரம்.

மற்றொரு வழி

அணுக்களை வெளியே எடுக்காமலே டி அணுவைப் புற்று அணுவிடம் கொண்டுசேர்க்கும் மருந்துகளும் வந்துள்ளன. இரு கைகள் கொண்ட எதிர்ப்பொருள்கள் இவை. ஒரு கை டி அணுவைப் பிடிக்கிறது, மறு கை பி அணுவைப் பிடிக்கிறது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட, மீதி வேலையை டி அணு பார்த்துக்கொள்கிறது. குளோஃபிடமாப், எப்கோரிடமாப் என்ற இரு மருந்துகளும் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. குளோஃபிடமாப் ஆய்வில், பல சிகிச்சைகள் தோற்றுப்போன 154 பேரில் 100-க்கு 39 பேருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது இவற்றின் நன்மை. விலையோ இன்னும் ஏழைகளுக்கு எட்டாததே.

அதிசய மருந்து என்று நாங்கள் சொல்லமாட்டோம்

கார்-டி பெற்ற எல்லோரும் குணமாவதில்லை. ஏறத்தாழ பாதிப்பேருக்கு நோய் திரும்பிவிடுகிறது. முதல் இரண்டு வாரங்களில் கடும் காய்ச்சல், இரத்த அழுத்தம் இறங்குதல், மனக்குழப்பம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை வரலாம். அவற்றைத் தணிக்க மருந்துகள் உண்டு, ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு அருகிலிருக்க வேண்டும். நல்ல பி அணுக்களும் சேர்ந்து அழிவதால் பல மாதங்களுக்குத் தொற்று நோய் அபாயமும் இருக்கிறது. எனவே சிறிய மருத்துவமனைகளில் செய்யக்கூடிய காரியமல்ல இது. நாங்களும் இங்கே செய்வதில்லை.

நேரமும் முக்கியம். பல வகைக் கீமோ மருந்துகளால் அடிபட்ட டி அணுக்கள் பெலவீனமாயிருக்கும். நான்காவது, ஐந்தாவது மருந்தும் தோற்றபின் கடைசியாக அனுப்பப்படுகிறவருக்குப் பயன் குறைவு. முதல் சிகிச்சைக்கு இணங்காதவர்களையும், ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்களையும் உடனே கார்-டி செய்யும் இடத்துக்கு அனுப்புவதே நல்லது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குணமாக்க முடியாத நிலை வரும்போதும் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. வாய்வழி மார்ஃபின் கொடுத்து வலியைத் தணிப்பதும், மூச்சுத்திணறலை ஆற்றுவதும், குடும்பத்தோடு உட்கார்ந்து உண்மையைப் பேசுவதும் சிகிச்சையே. எங்கள் செவிலியர் இதையும் ஊழியமாகவே எண்ணுகிறார்கள்.

உங்கள் காணிக்கை எங்கே உதவுகிறது?

வெளிப்படையாகச் சொல்கிறோம். நாற்பது லட்ச ரூபாய்ச் சிகிச்சையை எங்கள் ஏழை நோயாளர் நிதியால் வாங்க முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைப்பது முதல் கட்டச் சிகிச்சைக்குப் பேருதவியாயிருக்கிறது. அதற்கு மேற்பட்ட தொகைக்குப் பெரிய மருத்துவமனைகளின் உதவி நிதியையும், ஆய்வுத் திட்டங்களையும், அரசின் கருணைத் தொகையையும் நாட வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த வாசல்வரை நோயாளி போய்ச் சேருவதே பெரிய காரியம். கழுத்துக் கட்டியோடு வருகிறவருக்குத் தாமதமின்றி சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். ரிடுக்சிமாப் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், ஏனெனில் உடலில் உறங்கும் அந்த வைரஸை இம்மருந்து எழுப்பிவிடக்கூடும். இதயத்தைச் சோதிக்க எக்கோ எடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருகிறவருக்குத் தங்க இடமும் வேண்டும். தறி நின்ற நாட்களில் அந்த வீட்டு அடுப்பு எரிய அரிசியும் பருப்பும் வேண்டும். செவிலிமேட்டுத் தெருக்களிலிருந்தும், பாலாற்றுப் பாலத்துக்கு அப்பால் வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்களுக்கு, மதம் சாதி பாராமல், இந்தச் சிறு செலவுகளுக்கே உங்கள் காணிக்கை பயன்படுகிறது. ஆறாம் சுற்றை முடிக்க ஒருவருக்கு உதவுவது, அவருக்குக் கார்-டி தேவைப்படாமலே போகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தேவைப்பட்டால், தாமதமின்றி அங்கே சேர்க்கிறது.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நான்கு பேரை நீங்கள் அறிவீர்கள். குணமாக்கியது அவர்கள் அல்ல. அவர்கள் செய்ததெல்லாம் படுக்கையின் நான்கு மூலைகளையும் பிடித்துத் தூக்கி, கூட்டத்தால் வாசல் அடைபட்டபோது கூரையைப் பிரித்து, ஆண்டவர் இருந்த இடத்தில் இறக்கியதுதான். அந்த நான்கு மூலைகளில் ஒன்றையே உங்களைப் பிடித்துக்கொள்ளக் கேட்கிறோம்.

ஜெபக் குறிப்புகள்

1. வலியில்லாத நெறிக்கட்டியை அலட்சியம் செய்யாமல் மக்கள் சீக்கிரம் வரவும், சரியான நோயறிதல் தாமதமின்றிக் கிடைக்கவும் ஜெபியுங்கள்.

2. சிகிச்சையின் நடுவில் இருக்கும் நெசவாளர் குடும்பங்கள் பாதியில் நிறுத்தாமல் முடிக்க ஜெபியுங்கள்.

3. வேலூர், மும்பை, பெங்களூர் ஆகிய இடங்களில் இந்தப் புதிய சிகிச்சையின் செலவைக் குறைக்க உழைக்கும் மருத்துவர்களுக்காகவும் விஞ்ஞானிகளுக்காகவும் ஜெபியுங்கள்.

4. எல்லா மருந்துகளும் தோற்றுப்போன நிலையில் இருப்பவர்களுக்கு ஆறுதலும், அவர்களைப் பராமரிக்கும் செவிலியருக்குப் பெலனும் கிடைக்க ஜெபியுங்கள்.

உங்கள் சபையில் யாருக்காவது இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் கரையாத நெறிக்கட்டி இருக்குமானால், ஜெபிப்பதோடு, அவரை அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டுகிறோம்.

கர்த்தருடைய பணியில்,
செவிலிமேடு மருத்துவமனை ஊழியர்கள்